கரை சேரக் காத்திருந்த மணமகள்

திருமணம் இருவரின் சம்மதத்தால் நிறைவேறுகிறது. ஆயினும் அவ்விருவரும் வெவ்வேறு நாட்டினராயின், ஓர் அரசின் சம்மதமும் தேவைப்படுகிறது. இன்று அயல்நாட்டு மணமகனுக்காகவோ மணமகளுக்காகவோ படிவங்களை நிரப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. அப்படிவங்கள் பிறந்த வரலாற்றை, அமெரிக்க நாட்டை முன்வைத்துச் சற்றே நோக்குவோம்.

தொடக்கத்தில் மணமே போதுமானதாயிருந்தது. 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கரை மணந்த அயல்நாட்டுப் பெண், அக்காலச் சட்டம் விதித்த இனத் தகுதி உடையவளாயின், மணத்தாலேயே குடியுரிமை பெற்றாள். இதன் மறுபக்கமோ கசப்பானது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால், அயலாரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1922இல் வந்த கேபிள் சட்டம் இவ்விரு நிலைகளையும் பெருமளவில் மாற்றியது. மனைவியின் குடியுரிமை கணவனின் நிழலிலிருந்து விடுபட்டது. அதே வேளையில், அயல்நாட்டு மனைவி தனக்கெனத் தனியே விண்ணப்பிக்க வேண்டியவளானாள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்க வீரர்கள் அயல்நாடுகளில் மணந்த பெண்களின் நிலை கேள்விக்குறியாயிற்று. 1945 டிசம்பர் 28இல் 'போர்க்கால மணப்பெண்கள் சட்டம்' நிறைவேறியது. 1946 ஜனவரியில் சவுதாம்டனிலிருந்து புறப்பட்ட 'அர்ஜென்டினா' என்ற கப்பல், நூற்றுக்கணக்கான மணப்பெண்களையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு பிப்ரவரி 4இல் நியூயார்க்கை அடைந்தது. அவ்வாண்டு ஜூனில் மணம் நிச்சயிக்கப்பட்டோருக்கும் வழி திறந்தது. மூன்று மாதங்களுக்குள் மணம் நடைபெற வேண்டும்; தவறினால் திரும்பிச் செல்ல வேண்டும். ஆனால் ஜப்பானியப் பெண்களுக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் இனத்தடை குறுக்கே நின்றது. 1947இலும் 1950இலும் குறுகிய காலச் சலுகைகள் கிடைத்தன. 1952இல்தான் அத்தடை முற்றிலும் நீங்கியது.

இவ்வரலாற்றில் எல்லன் நாஃப் என்பவரின் வழக்கு நம் சிந்தனைக்குரியது. ஜெர்மனியில் பிறந்து, அகதியாக இங்கிலாந்து சென்று, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர் அவர். 1948இல் ஜெர்மனியில், இராணுவத் தலைமையின் அனுமதியோடு, அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் வந்திறங்கிய அவர், எல்லிஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டார். அவரது வருகை நாட்டின் நலனுக்கு ஊறு என்றனர், காரணம் சொல்லவில்லை, விசாரணையும் நடத்தவில்லை. 1950 ஜனவரியில் உச்சநீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அரசின் செயலையே ஏற்றது. நீதியரசர் ஜாக்சன் அதனை வன்மையாக மறுத்துத் தீர்ப்பெழுதினார். பத்திரிகைகளும் மக்களவை உறுப்பினர் சிலரும் குரல் எழுப்பினர். பின்னர் முறையான விசாரணை நடந்தபோது, அவருக்கு எதிரான சான்றுகள் வெறும் செவிவழிச் செய்திகளே என மேல்முறையீட்டு வாரியம் கண்டது. 1951 நவம்பரில் அவருக்கு நாட்டினுள் அனுமதி கிடைத்தது.

மணம் நிச்சயிக்கப்பட்டோருக்கான இன்றைய விசா, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வந்து சேர்ந்த 90 நாள்களுக்குள் மணம் முடிய வேண்டும் என்பது அதன் விதி. போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் மேலும் இரு நிபந்தனைகள் சேர்ந்தன. விண்ணப்பத்திற்கு முந்தைய ஈராண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். புதுமணத் தம்பதியருக்கு முதலில் ஈராண்டுக்கு மட்டுமே வசிப்புரிமை. பெற்றோர் நிச்சயிக்கும் மணங்களில், முன்கூட்டிச் சந்திப்பதை வழக்கம் கண்டிப்பாகத் தடுக்குமாயின், முதல் நிபந்தனைக்கு விலக்குக் கோரலாம். இரண்டாவதோ, கொடுமைக்கார வாழ்க்கைத்துணையிடம் பலரைச் சிறைப்படுத்தியது. ஆதலின் 1990இல், துன்புறுத்தப்பட்டவர் துணையின் கையொப்பமின்றித் தனியே விண்ணப்பிக்கலாம் எனச் சட்டம் இளகியது.

படிவம் தன்னளவில் கொடியதன்று. ஏமாற்றப்படும் பெண்ணுக்கு அதுவே அரணாவதும் உண்டு. எல்லன் நாஃப் துன்புற்றது தாள் இல்லாமையாலன்று. அவர் சொல்லைக் கேட்க ஆள் இல்லாமையால். கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்றவர்கள் பதிலைக் கேட்கும் கடமையும் பெற்றவர்களே. அக்கடமையை நினைவூட்டும் குரல்கள் அன்று எழுந்ததாலேயே ஒரு மணமகள் கரை சேர்ந்தாள் என்பதை நாம் மறத்தலாகாது.