ஒரே கம்பியில் குரலும் மின்சாரமும்

மடிக்கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகுகிறோம், விளக்கு எரிகிறது. கண்டென்சர் மைக்கை இணைத்து 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் கருவி அணைந்துவிடுகிறது. அல்லது பதிவு நடுவே வெட்டுண்டு போகிறது. கருவி பழுது என்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். ஆனால் 1966ஆம் ஆண்டின் தீர்மானம் ஒன்றும் 1996ஆம் ஆண்டின் தீர்மானம் ஒன்றும் அந்தச் சிறு துளையில் மோதிக்கொள்வதே பல வேளைகளில் காரணம்.

செய்தி செல்லும் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறையை நாம் முதலில் தொலைபேசியில் காண்கிறோம். தொடக்கத்தில் ஒவ்வொரு தொலைபேசிக்கும் வீட்டிலேயே மின்கலம் வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இணைப்பகத்தில் மின்கல அடுக்கை வைத்து, குரல் செல்லும் இரட்டைக் கம்பி வழியாகவே மின்சாரம் வழங்கத் தொடங்கினர். ஊரே இருளில் மூழ்கிய இரவுகளிலும் கம்பித் தொலைபேசி பேசியது இதனால்தான்.

ஒலிப்பதிவு உலகுக்கு இம்முறை பிந்தியே வந்தது. வால்வு பொருத்திய பழைய கண்டென்சர் மைக்குகள் ஒவ்வொன்றுக்கும் தனி மின்பெட்டி தேவைப்பட்டது. டிரான்சிஸ்டர் வந்தபின் தேவை வெகுவாகக் குறைந்தது. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காகத் தன் மைக்கை மைக் கம்பியிலிருந்தே மின்சாரம் பெறுமாறு அமைத்தது. ஏன் 48 வோல்ட்? பகல் வெளிச்சம் குறைந்த நார்வேக் குளிர்காலத்தில் அவசர விளக்குகளுக்காக அந்நிலையத்தில் 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. தனிக் கம்பி எதுவும் கண்ணில் படாததால் இதற்குப் 'பேண்டம் பவர்' என்று பெயர். ஆவி மின்சாரம் என்று நாம் சொல்லலாம்.

1996இல் யூஎஸ்பி வந்தது. விசைப்பலகை, மவுஸ், அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு ஒரே துளை என்பது அதன் நோக்கம். எனவே படியளப்பும் சிறிது: 5 வோல்ட், கணினியிடம் அனுமதி பெறும்வரை 100 மில்லி ஆம்பியர், பெற்றபின் 500 மில்லி ஆம்பியர். மொத்தம் 2.5 வாட். 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 வேகத்தைக் கூட்டியதே தவிர இந்தப் படியைக் கூட்டவில்லை.

இப்போது கணக்கிடுவோம். 48 வோல்ட் முறையில் ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். ஏறக்குறைய அரை வாட். அதை 5 வோல்ட்டிலிருந்து உயர்த்திப் பெற 100 மில்லி ஆம்பியர் வேண்டும். மாற்றத்தில் ஏற்படும் இழப்பு வேறு. அத்தகைய இரு மைக்குகள் இருந்தால் மொத்தப் படியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். ஒலிபெருக்கும் சுற்றுகளும் ஹெட்போனும் எஞ்சியதில்தான் பிழைக்க வேண்டும்.

1995இல் தரப்படுத்தப்பட்ட ஃபயர்வயர் இதைவிடத் தாராளமானது. அதன் 6 ஊசி இணைப்பில் மின்சாரம் உண்டு. பல விண்டோஸ் மடிக்கணினிகளில் இருந்த 4 ஊசி இணைப்பில் இல்லை. பெயர் ஒன்று, பசி வேறு!

வரலாறு தெரிந்தால் பரிகாரமும் தெரியும். முதலில் 48 வோல்ட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். கருவி நிலைத்து நின்றால் பற்றாக்குறை மின்சாரத்தில் என்று ஐயுறலாம். தனி மின்சாரம் இல்லாத ஹப் தன் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லி ஆம்பியரே பகிர வல்லது. அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்க வேண்டும், அல்லது சொந்த அடாப்டருள்ள ஹப்பைப் பயன்படுத்த வேண்டும். நீண்ட, மெல்லிய கேபிள் வழியிலேயே மின்னழுத்தத்தை விழுங்கும்; குட்டையானதே நலம். விண்டோஸின் மின்திட்டத்தில் யூஎஸ்பியை உறங்கவைக்கும் ஏற்பாட்டையும் நிறுத்திவைக்கலாம்.

2008இல் யூஎஸ்பி 3.0 படியை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. 2014இல் வந்த டைப்-சி இணைப்பு, 5 வோல்ட்டிலேயே 3 ஆம்பியர் வரை தர இடமளித்தது. ஆயினும் எந்தத் துளை எவ்வளவு தரும் என்பது அந்தந்தக் கணினியைப் பொறுத்ததே.

வாய்மொழிப் பாடல்களைத் தொகுப்போருக்கு இது வெறும் கருவிச் சிக்கல் அன்று. நெடிய கதைப்பாடலை நினைவிலிருந்து பாடும் முதியவரிடம், நடுவே மின்சாரம் நின்றுவிட்டது, மறுபடி பாடுங்கள் என்று கேட்கலாம். அவர் பாடவும் கூடும். ஆனால் அது வேறொரு பாடலாகவே இருக்கும். அவர் வாய் திறக்குமுன் இந்தக் கணக்கை முடித்துவைப்பது நம் கடமை.