கோட்டையும் இருப்புப்பாதையும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் தில்லி வாழ் தமிழராகிய நாம் அவர்களை முதலில் அழைத்துச் செல்லும் இடம் செங்கோட்டையே. சென்ற ஆண்டு என் மைத்துனர் குடும்பத்தாருடன் அங்குச் சென்றிருந்தேன். கோட்டையின் வடபுறத்திலிருந்து புகைவண்டி ஊதும் ஓசை கேட்டது. என் பன்னிரண்டு வயது மகன், "அப்பா, கோட்டைக்குள்ளே ரயில் ஏன் போகிறது?" என்று வினவினான். இருபது ஆண்டுகளாக இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு பழகிவரும் எனக்கு அன்று விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. யான் வரலாற்றறிஞன் அல்லன். குறையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

செங்கோட்டையின் வடபுறத்தில் அதனினும் பழமையான கோட்டை ஒன்று உளது. அதன் பெயர் சலீம்கர். சேர்ஷாவின் மகனாகிய இஸ்லாம் ஷா சூரி 1546-ஆம் ஆண்டில் அதனை எழுப்பினான். ஷாஜஹான் செங்கோட்டையைக் கட்டத் தொடங்கியதோ 1639-ஆம் ஆண்டில்தான். அந்நாளில் யமுனை இவ்விரு கோட்டைகளின் மதில்களையும் தழுவி ஓடிற்று. மொகலாயர் சலீம்கரைச் சிறையாகவும் பயன்படுத்தினர். அவுரங்கசீப் தன் உடன்பிறந்தானாகிய முராத் பக்ஷைச் சிறைப்பிடித்து முதலில் இங்கேதான் அடைத்தான். பின்னர்க் குவாலியர்க் கோட்டைக்கு அனுப்பினான். 1661-ஆம் ஆண்டில் முராத் அங்குக் கொலையுண்டான்.

1857-ஆம் ஆண்டில் எழுந்த பெருங்கிளர்ச்சி தில்லியின் தலையெழுத்தை மாற்றியது. கிளர்ச்சி ஒடுங்கியபின் முதியவராகிய பகதூர் ஷா இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். செங்கோட்டையினுள் இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். இதனை அடுத்து வந்ததே இருப்புப்பாதை. 1854-ஆம் ஆண்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரையில் வண்டி ஓட்டத் தொடங்கிய கிழக்கிந்திய இருப்புப்பாதைக் கும்பினி, படிப்படியாக வடமேற்கே நீண்டு யமுனைக் கரையை அடைந்தது. பன்னிரண்டு கண்களையுடைய இரும்புப் பாலம் ஒன்று ஆற்றின் குறுக்கே எழுந்தது. மேலே புகைவண்டியும் கீழே மாட்டு வண்டியும் செல்லுமாறு அதனை ஈரடுக்காக அமைத்தனர். பாலத்தைக் கடந்த தண்டவாளம் சலீம்கரின் ஊடே புகுந்து, நகரத்தினுள் பல குடிகளின் வீடுகளை அப்புறப்படுத்திக்கொண்டு நிலையத்தை அடைந்தது. 1867-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் தில்லி மாநகர் முதன்முதலாகப் புகைவண்டியின் ஊதலைக் கேட்டது.

என் மகனது வினாவுக்கு முதல் விடை இதுவே. கோட்டை தோற்றது, தோற்ற கோட்டையின் மார்பிலே வென்றவர் தம் பாதையை இட்டனர். மதிலால் நாட்டைக் காத்த காலம் போய், படையை விரைந்து அனுப்பும் தண்டவாளத்தால் நாட்டை அடக்கும் காலம் வந்தது. அக்காலத்து லாகூர் நிலையத்தைக் கோபுரங்களோடும், துப்பாக்கி நீட்டும் துளைகளோடும் ஒரு கோட்டையாகவே கட்டினர் என்றால், அவர்தம் எண்ணம் விளங்கும். 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நம் பழைய தில்லி நிலையமும், செந்நிறச் சுவர்களோடும் தூபிகளோடும் அருகிலுள்ள செங்கோட்டையை நினைவூட்டியே நிற்கிறது.

இவ்வரலாற்றைக் கண்ணாற் காண விரும்புவோர் சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். 1971-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அவர்கள் கால்கோள் செய்து, 1977-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று திறக்கப்பெற்றது அது. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொன்று சாலையிலுமாக ஓடிய பட்டியாலா அரசின் ஒற்றைத் தண்டவாள வண்டியைக் கண்டு வியவாத சிறுவர் இலர்.

அவ்வருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம் 'பெயரி குவீன்' என்னும் நீராவி எஞ்சின். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ஆம் ஆண்டில் செய்யப்பெற்றுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்தது. எடை 26 டன். ஆற்றல் 130 குதிரைத்திறன். வேகமோ மணிக்கு 40 கிலோமீட்டர் அளவே. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுத்த இந்த எஞ்சின், 1857-இல் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படைகளையும் இழுத்தது. செங்கோட்டையின் வீழ்ச்சியில் இந்தச் சிறிய எஞ்சினுக்கும் ஒரு பங்குண்டு! 1909-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, ஹௌரா நிலையத்தின் வெளியே நெடுங்காலம் காட்சிப் பொருளாய் நின்றது. 1943-இல் சந்தௌசிப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. பின்னர்த் தில்லியை அடைந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் உறங்கிய அது, 1997-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றுப் பயணிகளைத் தில்லியிலிருந்து ஆல்வாருக்கு ஏற்றிச் சென்றது. தவறாது ஓடும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே பழமையானது என்று 1998-இல் கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது.

இங்கே தமிழர் நெஞ்சம் பூரிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பெயரி குவீன் பின்னொரு நாள் ஓட்டமிழந்து நின்றபோது, அதனைச் சீர்செய்ய அனுப்பிய இடம் நம் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை. அதன் உடன்பிறப்பாகிய 'எக்ஸ்பிரஸ்' என்னும் 1855-ஆம் ஆண்டு எஞ்சின், நூறாண்டுக்கு மேல் வெறும் காட்சிப் பொருளாய்க் கிடந்தது. அதனையும் பெரம்பூர்த் தொழிலாளரே செப்பனிட்டனர். 2010-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அது சென்னையில் நீராவி கக்கி ஓடிற்று. அந்நியர் தம் ஆட்சிக்காகக் கொணர்ந்த எந்திரத்திற்கு விடுதலை நாளில் மறுவாழ்வு அளித்தவை தமிழ்க் கைகள்.

நீராவிக்குப் பின் வந்தது டீசல். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தாரின் 2600 குதிரைத்திறன் எஞ்சின்கள் 1962-இல் இங்கு வந்தன. ஒரு டீசல் எஞ்சின் இருபது பெயரி குவீன்களுக்கு நிகர்! காசியில் அமைந்த தொழிற்சாலையில் உருவான முதல் எஞ்சினை 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1976-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸையும் இவ்வகை எஞ்சின்களே இழுத்தன. இரண்டே ஆண்டு கழித்து, ஒரு தகரப் பெட்டியும் வேலை உத்தரவும் தவிர வேறொன்றுமில்லாமல் என் தந்தையார் அவ்வண்டியில் ஏறித் தில்லி வந்து சேர்ந்தார். நம் காலனியில் இவ்வாறு வந்த தந்தையரும் பாட்டனாரும் எத்தனை பேர்! படையை ஏற்றிச் செல்ல விதித்த பாதையே நமக்குப் பிழைப்பையும் தந்தது. ஆண்டுக்கொரு முறை தாய்முகம் காணவும் வழி செய்தது.

சலீம்கரின் கதையும் அத்தோடு முடிந்துவிடவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் சேர்ந்தனர் என்பதை நாம் அறிவோம். 1945-ஆம் ஆண்டில் அவ்விராணுவத்தின் அதிகாரிகளைச் செங்கோட்டையில் விசாரித்தபோது, அப்படையினரை அடைத்து வைத்த சிறைகளுள் சலீம்கரும் ஒன்று. கம்பிகளுக்குப் பின்னிருந்த அவர்களும் என் மகன் கேட்ட அதே ஊதலைக் கேட்டிருப்பர். ஆள்வோருக்கு வெற்றி முழக்கமாய் ஒலித்த அது, வீட்டை நினைத்து ஏங்கிய அவ்வீரருக்கு எவ்வாறு ஒலித்ததோ!

ஆகவே அன்பர்களே, அடுத்த விடுமுறையில் குழந்தைகளைக் கடைத்தெருவுக்கு மட்டும் அழைத்துச் செல்லாது, சலீம்கருக்கும் சாணக்கியபுரிக்கும் அழைத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமைகளில் இரண்டும் மூடியிருக்கும். பெயரி குவீன் சில காலம் ரேவாரிக் கொட்டகைக்குச் சென்றுவிடுவதுண்டு. முன்னரே விசாரித்துக்கொள்ளல் நன்று. கோடையில் ஊருக்குச் செல்லும்போது குவாலியர் வந்ததும் உறங்கும் பிள்ளையை எழுப்பி, குன்றின்மேல் நிற்கும் முராத்தின் சிறைக் கோட்டையைக் காட்டுங்கள். ஜான்சியில் இராணி இலக்குமிபாயின் கதையைச் சொல்லுங்கள். பயணச்சீட்டின் விலையில் வரலாற்றுப் பாடமும் அடக்கம்.

என் மகனிடம் இவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன். சற்று நேரம் எண்ணிய பின், "அப்படியானால் தாத்தாவும் அந்தக் கோட்டை வழியாகத்தான் வந்தாரா, அப்பா?" என்று கேட்டான். "இல்லையப்பா, தென்னாட்டு வண்டி வேறு வழியாகத் தில்லிக்குள் வரும். ஆனால் கோட்டையைப் பிளந்து பாதையிட்டவர்கள் போய்விட்டார்கள், பாதை நம்மிடம் இருக்கிறது" என்றேன்.