முதுகெலும்பும் மூச்சும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் கைக்குழந்தைக்குப் பிறவியிலேயே முதுகெலும்பு வளைவு. “உடனே ஆபரேஷன் பண்ணி நிமிர்த்திட்டா என்ன டீச்சர், ஏன் காத்திருக்கச் சொல்றாங்க?” என்று கேட்டாள். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

தாய் வயிற்றில் முதல் இரண்டு மாதங்களுக்குள் முள்ளெலும்புகளுக்கு உருவம் வந்துவிடுகிறது. அப்போது ஓர் எலும்பு பாதியோடு நின்றுபோனாலோ, இரண்டு ஒட்டிக்கொண்டாலோ, பிள்ளை வளர வளர முதுகு சாயும். கிரகணத்தன்று வெளியே வந்ததால் என்று பெற்றவளைக் குறை சொல்லும் பெரியவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும். சிறுநீரகமும் இதயமும் உருவாவது அதே நாட்களில்தான். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு வயிற்று ஸ்கேனும் எக்கோவும் எடுக்கிறார்கள்.

1911-இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் என்ற மருத்துவர், காசநோயால் கெட்ட முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். சில வருடங்களில் முதுகு வளைவுக்கும் அதையே செய்தார்கள். 1968-இல் ராபர்ட் வின்டர், ஜான் மோ ஆகியோர் பிறவி வளைவு உள்ள 234 பேரைப் பற்றி எழுதினார்கள். சும்மா விட்டால் பல வளைவுகள் மோசமாகும் என்பது தெரிந்தது. எனவே சின்ன வயதிலேயே ஒட்டிவிடுவது வழக்கமாயிற்று. கோணலாக நீண்ட முதுகைவிட, நேரான குட்டை முதுகு மேல் என்பது அந்தக் காலத்து நியாயம். அதில் தப்பில்லை, அப்போது வேறு வழி இல்லை.

ஆனால் ஒட்டிய எலும்பு வளராது. மேல்முதுகு முழுவதையும் ஒட்டிவிட்டால் நெஞ்சுக்கூடும் சிறுத்துப்போகும், நுரையீரலுக்கு இடம் இருக்காது. காற்றறைகள் பெருகுவது பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான். எக்ஸ்ரேயில் முதுகு நேராக இருக்கும், பிள்ளைக்கோ மூச்சு வாங்கும்.

1987-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஒரு குழந்தை. விலா எலும்புகள் சில இல்லை, முதுகும் வளைவு, வென்டிலேட்டரில் உயிர். எலும்பு மருத்துவர் ராபர்ட் கேம்ப்பெல்லும் குழந்தை அறுவை மருத்துவர் மெல்வின் ஸ்மித்தும், எலும்பு முறிவுக்குப் போடும் உலோகக் கம்பிகளையே விலாவாக வைத்தார்கள். குழந்தை பிழைத்தது. பிள்ளை வளரும், கம்பி வளருமா? அதற்காக நீட்டக்கூடிய டைட்டானியம் விலாவைச் செய்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிய ஆபரேஷன் செய்து அதை நீட்டவேண்டும். அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 2004-இல். அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அத்தனை முறை மயக்கமருந்து, கிருமித் தொற்று என்று கஷ்டமும் உண்டு. 2009-இல் ஹாங்காங்கில், உடம்புக்கு வெளியே காந்தத்தை வைத்தே நீட்டும் கம்பியைப் பொருத்தினார்கள். அதிலும் தேய்மானத் தொல்லைகள் பிறகு தெரியவந்தன. பாதி எலும்பு ஒன்றுதான் கோளாறு என்றால், இன்றும் சிறுவயதிலேயே அதை எடுத்துவிட்டு, அந்தச் சிறு இடத்தை மட்டும் ஒட்டிவிடுகிறார்கள். மற்றபடி முதுகோடு நெஞ்சின் அளவையும் எடுத்து, சில குழந்தைகளுக்கு மாவுக்கட்டோ பெல்ட்டோ போட்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள்.