ஸ்பெஷல் நாடகத்தில் பபூன்

ஸ்பெஷல் நாடகம், தமிழகத்தின் தென் மாவட்டங்களில் கோவில் திருவிழாக்களையொட்டி இரவு முழுவதும் நடைபெறும் மேடை நாடகம். இதில் நகைச்சுவைப் பாத்திரத்தை ஏற்கும் நடிகர் 'பபூன்' எனப்படுகிறார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரக் கிராமங்களும் இந்நாடக மரபு வழங்கிவரும் நிலப்பகுதியைச் சேர்ந்தவை.

பெயர்க்காரணம்

முற்கால நாடகக் கம்பெனிகளில் நடிகர்கள் ஒன்றாகத் தங்கி, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகச் சென்றனர். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் ஆகிய ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியாக அழைப்பர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வருபவர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்திப்பார்கள். நாடக நோட்டீசில் ஒவ்வொரு நடிகரின் படமும், பெயரும், ஊரும் அச்சிடப்படும்.

ஒத்திகை இல்லாமல் நாடகம் நடப்பதற்குக் காரணம், அனைவருக்கும் பாடம் ஒன்றே என்பதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்களின் பாடல்களும் வசனங்களும் நடிகர்களுக்கு மனப்பாடம். பபூனுக்கு மட்டும் அப்படி எழுதிவைத்த பாடம் குறைவு. அவர் அன்றைய கூட்டத்தைப் பார்த்துத் தாமே பேச்சை அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் இரவின் அமைப்பு

நாடகம் இரவு 10 மணியளவில் தொடங்கி விடியும் வரை நடக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் கலைஞர்கள் மேடையின் ஓரத்தில் அமர்ந்திருப்பர். முதலில் வருபவர் பபூன். பாட்டும் பேச்சுமாகக் கூட்டத்தைத் தன்வசப்படுத்துவார். பின்னர் டான்ஸ் எனப்படும் நகைச்சுவை நடிகை ஆடிக்கொண்டு வந்து அவர்மீது மோதுவார். அதிலிருந்து சண்டையும், சமாதானமும், காதலும், கேலியும் வளரும். இதன் பிறகே கதை தொடங்கும்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலைக்கு இது நெருக்கமானது. கதைக்கு வெளியே நின்று ஊர் நடப்பைப் பேசும் உரிமை இருவருக்கும் உண்டு. ராஜா பேச முடியாததை பபூன் பேசலாம்.

சோகக் கதையும் சிரிப்பும்

பஞ்சத்தால் பிறந்த வீடு தேடி வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு குழந்தைகளுடன் கிணற்றில் விழுந்த நல்லதங்காளின் கதை வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்துடன் தொடர்புடையது. அங்கே அவளுக்குக் கோவில் உள்ளது. இக்கதையும் ஸ்பெஷல் நாடகமாக நடிக்கப்படுகிறது. நள்ளிரவுக்கு மேல் அழப்போகும் கூட்டம் முதலில் பபூனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே இரவில் அடுத்தடுத்து வருவதே இந்நாடகத்தின் இயல்பு.

அரசியல் குரல்

விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடை அரசியல் மேடையாகவும் இருந்தது. சிவகாசியில் 1886-இல் பிறந்த எஸ். எஸ். விஸ்வநாததாஸ், புராண நாடகங்களின் நடுவே வெள்ளையரைக் கொக்காக உருவகித்துக் கேலிசெய்யும் பாடலைப் பாடினார். பலமுறை சிறை சென்றார். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருடன் நடிக்கச் சிலர் மறுத்ததும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

திரைப்படத்துக்குச் சென்ற சிரிப்பு

மேடை நகைச்சுவை தமிழ்த் திரைப்படத்துக்கும் வழிகாட்டியது. நாடகக் குழுவில் பயின்ற என். எஸ். கிருஷ்ணன் (1908-1957) திரைப்படத்தின் கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தமது நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்தார். விருதுநகரில் 1926-இல் பிறந்த வி. கே. ராமசாமியும் சிறு வயதிலேயே நாடகத்தில் சேர்ந்தவர். முதியவராக அவர் நடித்த 'நாம் இருவர்' (1947) படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 21.

கலைஞர்களின் நிலை

கூட்டம் ரசித்த அளவுக்குக் கலைஞர்களுக்கு மதிப்பு கிடைக்கவில்லை. 'கூத்தாடி' என்பது இன்றும் வசைச்சொல்லாக வழங்குகிறது. முன்பின் தெரியாத ஆணுடன் மேடையில் பேசிச் சிரித்து ஆடும் டான்ஸ் நடிகைக்கு இந்த இழிவு இரட்டிப்பாகிறது. இரவில் தனியே பயணம் செய்வதுகூடப் பேச்சுக்கு இடமாகிறது. அதே இடத்தில் நின்று அதே நகைச்சுவையைச் செய்யும் பபூனை ஊர் அவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை.

பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலத்து வருமானத்தைக் கொண்டே ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்தவேண்டிய நிலை பலருக்கு உள்ளது. 2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு தொடங்கியது சரியாக அந்தப் பருவத்தின் வாசலில். 2021-இலும் சித்திரையில் திருவிழாக்களுக்குத் தடை வந்தது. இரண்டு ஆண்டுகள் மேடை இருண்டது.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின் நாடகங்கள் மீண்டும் நடைபெறுகின்றன. ஆயினும் சில ஊர்களில் நாடகத்துக்குப் பதிலாக இசைக்கச்சேரியும் திரைப்பாடல் நடனமும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கு இரவு முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. பபூனின் கலை நிலைப்பது, விடியும்வரை உட்கார்ந்திருக்க ஊருக்கு மனமிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.