வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள்?

ரம்மி ஆடியிருப்பீர்கள். சின்ன வயசில் ‘கழுதை’ ஆடி, பக்கத்து வீட்டுப் பையனைக் கழுதையாக்கியும் இருப்பீர்கள். மனிதத் தலைகளைச் சேர்க்கும் சீட்டாட்டம் ஆடியதுண்டா?

முகம் சுளிக்காதீர்கள். நிஜமாகவே அப்படியொரு ஆட்டம் இருக்கிறது! பெயர், ‘கில்லட்டின்’. பால் பீட்டர்சன் என்பவர் வடிவமைத்து, 1998-ல் அமெரிக்காவில் வெளியானது. அரை மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம்.

மேஜை மேல் 12 சீட்டுகளை வரிசையாகப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பிரபு, சீமாட்டி, பாதிரியார் என்று கார்ட்டூன் முகங்கள். இடம், புரட்சிக் காலத்து பாரீஸ். தலை வெட்டுபவர் நீங்கள்தான்! உங்கள் முறை வந்தால், வரிசையில் முதலில் நிற்பவரின் தலை உங்களுக்கு. ராஜா, ராணி தலை என்றால் மார்க் அதிகம். ஜனங்களுக்குப் பிடித்த நல்ல மனிதரின் தலையை எடுத்துத் தொலைத்தால், மார்க் குறையும். வெட்டுவதற்கு முன்பு, கையிலிருக்கும் ஒரு சீட்டைப் போட்டு வரிசையை மாற்றலாம். பின்னால் நிற்கும் பெரிய புள்ளியை முன்னால் தள்ளலாம்! இப்படி மூன்று ‘நாள்’ ஆட்டம்.

ஆக, யார் முன்னால், யார் பின்னால்... மொத்த விஷயமும் இவ்வளவுதான். சரி, நிஜத்தில் எப்படி இருந்தது?

கில்லட்டின், இரக்கத்தில் பிறந்த எந்திரம் என்றால் நம்புவீர்களா? அதற்கு முன்பு பிரான்ஸில் பிரபுக்களுக்குத் தலையை வெட்டுவார்கள். ஏழைத் திருடனுக்குத் தூக்கு. அல்லது சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்குவது. ‘சாவிலாவது எல்லோரும் சமமாக இருக்கட்டும், வலியில்லாமல் முடியட்டும்’ என்று 1789-ல் வாதாடியவர், டாக்டர் கில்லட்டின். எந்திரத்தைச் செய்து கொடுத்தவர், இசைக்கருவி தயாரிக்கும் ஒரு ஜெர்மானியர்! 1792, ஏப்ரல் 25-ம் தேதி முதல் தலை விழுந்தது. ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை. பெல்த்தியே என்கிற வழிப்பறிக்காரன்!

அடுத்த வருஷம், ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னர். அக்டோபரில் ராணி மேரி அன்டாய்னெட். சீட்டாட்டம் இதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆனால், புரட்சியின் பயங்கர நாட்களில் பிரான்ஸ் முழுக்க மரண தண்டனை பெற்ற சுமார் 17,000 பேரில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலானவர்கள் விவசாயிகள், தொழிலாளிகள், கடைக்காரர்கள். நம்மைப் போன்றவர்கள்!

1794, ஜூன் 10-ம் தேதி ரோபஸ்பியரின் கூட்டம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குற்றவாளிக்கு வக்கீல் கிடையாது. தீர்ப்பு இரண்டே வகை... விடுதலை, இல்லாவிட்டால் மரணம். அடுத்த ஏழு வாரங்களில் பாரீஸில் மட்டும் 1,300-க்கும் அதிகமான தலைகள் விழுந்தன. வேடிக்கை பாருங்கள், இதே ரோபஸ்பியர்தான் 1791-ல், ‘மரண தண்டனையே கூடாது’ என்று முழங்கியவர்!

சாயங்காலமானால் சிறையில் ஒரு பட்டியலை வாசிப்பார்கள். பெயர் வந்தால் மறுநாள் விசாரணை. அநேகமாக, அன்றைக்கே வண்டி. அந்தப் பட்டியலுக்குச் சிறையில் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘மாலைப் பத்திரிகை’!

அமெரிக்கச் சுதந்திரத்துக்கு எழுத்தால் உயிர் கொடுத்த தாமஸ் பெய்னும் ஜெயிலில் இருந்தார். மன்னரைக்கூட கொல்லக் கூடாது என்று வாதாடியவர் அவர். ஜூலை மாதம் ஒரு நாள், மறுநாள் சாக வேண்டியவர்களின் அறைக் கதவுகளில் சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டு போனார்கள். பெய்னின் அறையில் நாலு பேர். கதவு வெளிப்பக்கமாக அகலத் திறந்து, சுவரோடு சாய்ந்திருந்தது. குறியை அதன் உள்பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ராத்திரி கதவை மூடினார்கள்... குறி அறைக்குள்ளே போய்விட்டது! நாலு பேரும் பிழைத்தார்கள். இது பெய்னே பிற்பாடு எழுதியது.

எல்லோருக்கும் அப்படிக் கதவு திறந்திருக்கவில்லை. ஜூலை 23-ம் தேதி தளபதி அலெக்ஸாந்தர் போஆர்னே தலை விழுந்தது. 25-ம் தேதி கவிஞர் ஆந்த்ரே ஷெனியே, வயசு 31. 27-ம் தேதி ரோபஸ்பியர் கைது. 28-ம் தேதி அவர் தலையும் அதே கத்தியில்! அத்தோடு கதவுகள் திறந்தன. போஆர்னேயின் மனைவியும் சிறையில்தான் இருந்தார். வரிசையில் பின்னால் நின்றதால் தப்பித்தார். பத்தே வருஷத்தில் அவர் பிரான்ஸின் மகாராணி. ஆமாம், நெப்போலியனின் ஜோசபின்!

சீட்டாட்டத்தில் ரோபஸ்பியருக்கும் ஒரு சீட்டு உண்டு. அதை எடுத்தால் அந்த ‘நாள்’ அத்தோடு முடிந்தது. வரிசையில் மிச்சம் நிற்பவர்களைக் கலைத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். சரித்திரம் தெரிந்தவர் யோசித்து வைத்த விதி!

ஆனால், நிஜத்தில் அந்த விதி கொஞ்சம் தாமதமாக வேலை செய்தது. ரோபஸ்பியர் கைதான அதே ஜூலை 27-ம் தேதி, தண்டிக்கப்பட்டவர்களை ஏற்றிய வண்டிகள் வழக்கம்போல் கிளம்பின. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. அன்று மாலையே எல்லோர் தலையும் போயிற்று.

ஆட்டத்தில் தோற்றவர் சீட்டைக் கலைத்து இன்னொரு தரம் ஆடலாம். அந்த நாற்பது சொச்சம் பேருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு நாள். அதைக் கொடுக்க அன்றைக்கு யார் கையிலும் சீட்டு இல்லை!