பதினைந்து வயதுப் பையனும் ஒரு தீவும்

மலருக்கு வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது அசோகரோ அக்பரோ அல்ல. நம் கல்லூரி நூலகத்தில் இருந்த பெரிய அட்லஸ்தான். பசிபிக் சமுத்திரப் பக்கத்தைத் திறந்தால் ஒரே நீலம். நடுநடுவே ஈ உட்கார்ந்துவிட்டுப் போனது போலப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பொடி எழுத்தில் ஒரு பெயர். பரீட்சைக்கு ஒருநாளும் வராத பெயர்கள். "இதுக்கெல்லாம் யாருப்பா பேர் வச்சது?" என்று அன்று பக்கத்தில் இருந்த நண்பனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு நானே தேடிப் படித்ததில் கொஞ்சத்தை இங்கே சொல்கிறேன்.

பழைய மாலுமிகளுக்குப் பெயர் வைக்கச் சுலபமான வழி காலண்டரைப் பார்ப்பது. 1643 டிசம்பர் 25 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் இந்து மகா சமுத்திரத்தில் ஒரு தீவைக் கடந்து போனார். இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அது கிறிஸ்துமஸ் தீவு ஆகிவிட்டது. டச்சுக்காரர் ரோகவீன் 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கண்டது ஈஸ்டர் தீவு. அங்கே பல நூற்றாண்டுகளாக ஜனங்கள் இருந்தார்கள், பிரம்மாண்டமான கற்சிலைகளும் நின்றன. அதெல்லாம் பெயர் வைப்பதற்குத் தடையாக இல்லை. 1777 டிசம்பர் 24 அன்று கேப்டன் குக் பசிபிக்கில் இன்னொரு கிறிஸ்துமஸ் தீவைக் கண்டார். அது இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அந்த நாட்டு எழுத்துமுறையில் 'ஸ்' என்ற ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. 'டி' என்று எழுதி 'ஸ்' என்று வாசிப்பார்கள். அட்லஸில் நாம் 'கிரிடிமாடி' என்று எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கிறிஸ்துமஸ்தான்!

ஆனால் என் மனசை விட்டுப் போகாத பெயர் பிட்கேர்ன். தென் பசிபிக்கில் சுமார் 5 சதுர கிலோமீட்டர் பாறைத் தீவு. 1767 ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் கப்பல் 'ஸ்வாலோ' அந்தப் பக்கம் வந்தது. ஓட்டைக் கப்பல், பற்றாக்குறைச் சாமான். துணைக்கு வந்த 'டால்ஃபின்' கப்பலும் மெகல்லன் ஜலசந்தியைத் தாண்டியதும் பிரிந்து போய்விட்டது. தீவை முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவன் ராபர்ட் பிட்கேர்ன், பதினைந்து வயதுப் பையன். நம்மில் பலர் அந்த வயதில் எஸ்.எஸ்.எல்.சி.கூட முடித்திருக்க மாட்டோம். அலை முட்டி மோதியதால் கரையிறங்க முடியவில்லை. தலைவர் கார்ட்டரெட், பார்த்த பையன் பெயரையே தீவுக்கு வைத்து, வரைபடத்தில் குறித்துவிட்டு நகர்ந்தார்.

அந்தக் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது. அட்சரேகையைச் சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டுவிடலாம். அது சரியாகவே இருந்தது. தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும். கப்பலில் அது இல்லை. போன வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாகப் போட்டார்கள். சுமார் மூன்று டிகிரி, அதாவது ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மேற்கே தள்ளி விழுந்தது தீவு. 1773இல் குக்கே தேடினார், அகப்படவில்லை.

1789இல் 'பவுண்டி' கப்பலில் கலகம் செய்த ஃபிளெட்சர் கிறிஸ்டியன், தூக்குக் கயிற்றுக்குத் தப்ப இடம் தேடியபோது, கப்பலில் இருந்த பயணப் புத்தகம் ஒன்றில் இந்தத் தீவைப் பற்றிப் படித்தார். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே கடலைத் துழாவி, 1790 ஜனவரியில் கண்டுபிடித்தார். வரைபடத்தில் தப்பான இடத்தில் இருக்கும் தீவை விட நல்ல ஒளிவிடம் ஏது? தாஹிட்டியிலிருந்து கூட்டி வந்த ஆண்களையும் பெண்களையும் இறக்கிவிட்டு, ஜனவரி 23 அன்று கப்பலுக்கே தீ வைத்துவிட்டார்கள்.

அவர்களைப் பிடிக்க வந்த 'பண்டோரா' 1791இல் கிழக்கே ஒரு குட்டித் தீவைக் கண்டது. கப்பல் தலைவர் எட்வர்ட்ஸ் அதற்கு ஒரு பிரபுவின் நினைவாக 'டூசி' என்று பெயர் வைத்தார். தேடி வந்த ஆட்களைப் பார்க்காமலேயே மேற்கே போய்விட்டார். அக்கம்பக்கத்தில் இருக்கும் ஹெண்டர்சன் தீவுக்கு ஒரு கப்பல் தலைவர் பெயர். ஓயினோவுக்கு ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயர். ஆக நாலு தீவுகளில் ஒரு பையன், ஒரு பிரபு, ஒரு கேப்டன், ஒரு கப்பல். பிட்கேர்னில் இறங்கியவர்கள் கண்ட கல் உளிகளையும் பாறைச் செதுக்கல்களையும் விட்டுப்போன பழைய பொலினேசியர்களின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

கிறிஸ்டியனுக்கு அங்கே 1790 அக்டோபரில் ஒரு மகன் பிறந்தான். தீவுகளுக்கு வைப்பது போலவே காலண்டரைப் பார்த்து வைத்தார் பெயர்: தர்ஸ்டே அக்டோபர் கிறிஸ்டியன். தீவின் நாள் கணக்கு ஒரு நாள் பிசகியிருந்ததாம். 1814இல் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தபோது அவன் 'ஃப்ரைடே' ஆகியிருந்தான்! தகப்பனார் அதற்குள் கொலையுண்டிருந்தார். 1808இல் அமெரிக்கக் கப்பல் 'டோபாஸ்' தற்செயலாக வந்தபோதே, கலகக்காரர்களில் உயிரோடு இருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவர் மட்டுமே. பெண்களும் குழந்தைகளும்தான் மீதி.

பெயர் கொடுத்த பையன்? அவனுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. 1769 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அரோரா' கப்பலில் அவன் இருந்தான். நம் கடலூர் செயிண்ட் டேவிட் கோட்டையில் எழுத்தராகச் சேர்ந்து, பிறகு வங்காள கவர்னராகவும் இருந்த வான்சிட்டார்ட்டும் அதே கப்பலில். அந்தக் கப்பல் அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை. பையனுக்கு அப்போது பதினேழு வயது. தன் பெயர் கொண்ட தீவில் அவன் காலடியே படவில்லை.

இன்று அங்கே ஐம்பது பேருக்கும் குறைவாகத்தான் வசிக்கிறார்கள். தீவுக்குள்ளே இருக்கும் பாறைகளுக்கும் வளைவுகளுக்கும் அவர்களே வைத்த பெயர்கள் வேறு ரகம். 'டான் விழுந்த இடம்' என்று ஒன்று. 'இடுப்பை முறிச்சது' என்று ஒன்று. இன்னொன்றின் பெயர் வெறும் 'ஐயையோ'.