பாணும் போறணையும் நாமும்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை, ஜேர்மனியில் இருக்கும் மாமா அனுப்பிய படத்தைப் பற்றிச் சொன்னது. கயிற்றை முடிச்சுப் போட்டது மாதிரி ஒரு பணிஸ். பெயர் பிரெட்சல். "சேர், இதை எங்கட வீட்டிலயும் சுடலாமா?"

சுடலாம். கோதுமை மா, ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சீனி போதும். குழைத்துப் பொங்கவிட்டு, நீளமாக உருட்டி முடிச்சிட்டு, அப்பச்சோடா கரைத்த கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, உப்புக்கல் தூவிச் சுட வேண்டும். அந்த மண்ணிறத் தோலைத் தருவது சோடா நீர்தான். அவண் இல்லாவிட்டால், நம் உம்மாமார் முன்பு கேக் சுட்டதுபோல சட்டிக்கு மேலும் கீழும் தணல் போடலாம்.

ஆனால் ஜேர்மன் பணிஸைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு, நம்மூர்ப் பாணின் கதை தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. போறணையும் அப்படி வந்ததுதான். வன்னி நெல் விளையும் மண். இரணைமடுவும் முத்தையன்கட்டும் பாவற்குளமும் நெல்லுக்குத்தான் நீர் கொடுக்கின்றன. கோதுமை இங்கே விளைவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, பங்கீட்டில் கோதுமை மா வந்தது. நாட்டு மக்கள் பாணுக்குப் பழகியதில் அந்தப் பஞ்ச காலத்துக்குப் பெரிய பங்குண்டு. 1970களில் மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆட்கள் விடியமுன் பாண் வரிசையில் நின்றார்கள். 1980இல் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மட்டும் அப்போதும் கப்பலில்தான் வந்தது, இப்போதும் அப்படித்தான்.

பிறகு 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து முஸ்லிம்களான நாம் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் வீடு, வயல், கடை எல்லாவற்றையும் விட்டுப் போனோம். புத்தளத்து முகாம்களில் கிடுகுக் கொட்டிலுக்குள் நிவாரண மாவில் ரொட்டி சுட்டு வாழ்ந்தோம்.

அதே காலத்தில் இங்கே இருந்த எம் தமிழ் உறவுகளுக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றரி எதுவும் இல்லை. மின்சாரம் இல்லை. மாவும் சீனியும் எண்ணி அளந்துதான் வந்தன. விறகுப் போறணைதான் பாண் கொடுத்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது லொறிகள் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடியது. 2009இல் முள்ளிவாய்க்காலில் பாணுமில்லை, மாவுமில்லை, உப்புக் கஞ்சிதான். அதன் பின் செட்டிகுளத்து முகாம்களில் சாப்பாட்டுப் பொதிக்குக் கையேந்தி நின்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். நாம் புத்தளத்தில் வரிசையில் நின்றோம், அவர்கள் இங்கே வரிசையில் நின்றார்கள். அவர்கள் பட்டது நமக்கு முழுதாகத் தெரியாது. நாம் பட்டது அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. நாம் மீளக் குடியேறியபோது காணி, வீட்டுத்திட்டம் பற்றிப் பேசினோமே தவிர, "அந்த வருசங்களில் என்ன சாப்பிட்டீங்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்டது குறைவு.

2022இல் டொலர் இல்லாமல் மா விலை ஏறியபோது, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மறுபடி ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசை இனம் பார்ப்பதில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறோம். பிரெட்சல் சுடுங்கள், தாராளமாக. அது பொங்கும் ஒரு மணித்தியாலத்தில் வாப்பும்மாவிடம், அம்மம்மாவிடம், பக்கத்து வீட்டு அப்பாவிடம் கேளுங்கள்: நம்மூரில் போறணை எங்கே இருந்தது? யார் பாண் போட்டார்கள்? எப்போது நின்றது? சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சுட்டதில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

அந்தப் பெரியவர்கள் இன்னும் எத்தனை காலம் நம்மோடு இருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.